குளத்தடியில் மேப்பிள் நிழல்

எங்கள் தெருவில் ஏப்ரல் கடைசி வந்துவிட்டால் எல்லா வீட்டுப் பின்பக்கமும் ஒரே மாதிரிதான் சத்தம் போடும். நீச்சல் குளத்தின் மேல் குளிர்காலம் முழுக்கக் கிடந்த தார்ப்பாயை உருவும் சத்தம், பம்ப் இரைச்சல், "அந்த மூலையைப் பிடி, அந்த மூலைன்னா அந்த மூலை" என்று கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் வைவது. பல வருஷமாக அதையெல்லாம் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டுச் சிரித்துக்கொண்டிருந்தவள் நான். போன வருஷத்துக்கு முந்தின வருஷம்தான் எங்களுக்கென்று ஒரு குளம் வந்தது.

ஆசை என்னுடையது. இடுப்பு மூட்டு தேய்ந்து, நடந்தாலும் வலி உட்கார்ந்தாலும் வலி என்று ஆனபோது, தினமும் நீந்துங்கள் என்றார் டாக்டர். பொதுக் குளத்துக் குளோரினில் என் கண் இரண்டும் தக்காளியாகிவிடும். அதனால் உப்புத் தண்ணீர்க் குளம் என்று முடிவு செய்தோம். தண்ணீரில் உப்பைக் கரைத்துவிட்டால், பம்ப் பக்கத்தில் மாட்டியிருக்கும் ஒரு கருவி அந்த உப்பிலிருந்தே வேண்டிய குளோரினைப் பிரித்துக்கொள்ளும். கண் எரியாது. என் கணவர் எமிலுக்கு நீந்தவே தெரியாது. ஆனால் பஸ் டிப்போவில் வாழ்நாள் முழுக்க இன்ஜின் பிரித்துப் பூட்டியவர். பம்ப், குழாய், வால்வு என்றதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது.

இடம்தான் பிரச்சினை. வீடு எமிலின் அப்பா காலத்தது. பின்பக்கம் நட்டநடுவில் ஒரு பெரிய வெள்ளி மேப்பிள் மரம் நின்றது. வெட்டிவிடலாம் என்று நான் சொன்னபோதெல்லாம் எமில் பேச்சை மாற்றிவிடுவார். பிறகு ஒரு புயலில் அதன் கிளை முறிந்து, கார் நிறுத்தும் கொட்டகையின் கூரையைப் பிளந்துகொண்டு இறங்கியது. அதற்கு மேல் அவரால் மறுக்க முடியவில்லை. மரம் வெட்டிய அன்று ஒரு வேலையும் இல்லாமல் டவுனுக்குப் போய், இருட்டும்வரை திரும்பவில்லை. வேரைத் தோண்டி எடுத்த குழியையே அகலப்படுத்திக் குளம் கட்டினார்கள். அடிமரம் நின்ற இடம்தான் இப்போது ஆழப் பக்கம். பூச்சு காய்ந்து, தண்ணீர் நிரப்பி முடிப்பதற்குள் பனி வந்துவிட்டது. கால்கூட நனைக்காமல் மூடிவிட்டோம்.

ஆக, அடுத்த வசந்தத்தில்தான் முதன்முதலாகத் திறந்தோம். குளம் கட்டிய கம்பெனியிலிருந்து லேன் என்பவன் உதவிக்கு வந்தான். நாற்பது வயது இருக்கும். வாய் ஓயாது.

தார்ப்பாயின் மேல் தேங்கியிருந்த மழைத் தண்ணீரை இறைத்துவிட்டு, ஆளுக்கொரு மூலையாகப் பிடித்து இழுத்தோம். எமில் பாதியில் நின்றுவிட்டார்.

"என்ன எமில், நீங்க தார்ப்பாயை இழுக்கிறீங்களா, அது உங்களை இழுக்குதா?" என்றான் லேன்.

"பேச்சுவார்த்தை நடக்குது. நீ நடுவுல வராத."

தார்ப்பாய் விலகியதும் மூவருமே எட்டிப் பார்த்தோம். தண்ணீர் பச்சையாக இருக்கும், பாசி மிதக்கும் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. அடிவரை தெரிந்தது. ஆனால் முழுக்க முழுக்கப் பால் ஊற்றாத டீயின் நிறம்.

"இலை ஊறின கறை," என்றான் லேன். "நிறைய இலை விழுந்தா இப்படித்தான் ஆகும்."

"இலை எங்க?" என்றார் எமில்.

லேன் குனிந்து பார்த்தான். குளத்துக்குள் ஒரு இலை இல்லை. எங்கள் பின்பக்கத்தில் இலை விழுவதற்கு ஒரு மரமும் இல்லை.

"சரி, யாரோ ராத்திரில வந்து டீ போட்டிருக்காங்க. புதுக் குளம்னா கைக்குழந்தை மாதிரி மிஸஸ் ஹ்ருஷ்கா. முதல் மாசம் உங்களைத் தூங்க விடாது. அப்புறம் தானா சரியாயிடும்."

குளிர்காலத்துக்காகக் குழாய் வாய்களில் வைத்திருந்த அடைப்பான்களைப் பிடுங்கி, பம்பை ஓட்டிவிட்டான். உப்பு மூட்டைகளை எமில் ஒவ்வொன்றாகக் கிழித்து விளிம்பைச் சுற்றிக் கொட்டினார். நான் நீளக் கம்பு பிரஷ்ஷால் அடியில் குவிந்த உப்பைத் தள்ளித் தள்ளிக் கரைத்தேன். லேன் போகும்போது ஒரு விஷயத்தை அழுத்திச் சொன்னான். தண்ணீர் அறுபது டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் சூடாகும்வரை உப்புக் கருவி வேலை செய்யாது. பச்சை விளக்கு எரிந்தால் வேலை செய்கிறது, நீல விளக்கு மினுக்கினால் தண்ணீர் இன்னும் குளிராக இருக்கிறது என்று அர்த்தம். நீல விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது.

மே பிறந்தது. தண்ணீரின் நிறம் தெளிந்துவிட்டது. நீல விளக்கு மட்டும் நிற்கவில்லை.

வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கும் க்வென், ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். அவள் குளத்தில் அவள் ஏற்கெனவே கால் நீட்டி மிதந்துகொண்டிருந்தாள். "இன்னும் குளிரா? உன் வீட்டுக்கு மட்டும் வேற சூரியனா?" என்று கேட்டாள். எங்கள் குளத்தின் மேல் காலையிலிருந்து சாயங்காலம்வரை வெயில் தடையில்லாமல் விழுந்தது. சுற்றியிருந்த கல் தளத்தில் செருப்பில்லாமல் நிற்க முடியாது. கையைத் தண்ணீரில் விட்டால் மட்டும் எலும்பு வலித்தது.

இலை வரத் தொடங்கியதும் அப்போதுதான். தண்ணீரின் மேல் மிதக்கும் குப்பை போய்ச் சேர, குளத்துச் சுவரில் ஒரு கூடை இருக்கும். தினமும் காலையில் அதைக் கவிழ்த்துக் கொட்ட வேண்டும். ஒருநாள் அதில் ஐந்தாறு இலை இருந்தது. மறுநாள் கூடை பாதி. அதற்கடுத்த நாள் பிதுங்கி வழிந்தது. ஐந்து முனை உள்ள இலை. மேலே பச்சை, திருப்பினால் வெள்ளி. இளசு. காம்பைக் கிள்ளினால் ஈரம் கசிந்தது.

"காத்துல வந்திருக்கும்," என்றாள் க்வென், வேலி மேல் கையை ஊன்றிக்கொண்டு.

"எங்கேருந்து? உங்க பக்கம் பைன். அந்தப் பக்கம் ஓக்."

அவள் ஒரு இலையை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். "உங்க மேப்பிள் இலை மாதிரியேதான் இருக்கு," என்றாள். பிறகு அதைத் தரையில் போடாமல் என் கையிலேயே கொடுத்துவிட்டுப் போனாள்.

எமிலிடம் காட்டினேன். வாங்கிப் பார்த்தார். சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

உப்புக் கருவியில் வெப்பம் பார்க்கும் உறுப்பு பழுதாக இருக்கும் என்று லேன் மறுபடி வந்தான். அதைக் கழற்றிப் புதிதாக ஒன்று மாட்டினான். நீல விளக்கு மினுக்கியது. தன் வெப்பமானியைக் கயிற்றில் கட்டித் தண்ணீரில் இறக்கினான். ஆழமில்லாத பக்கம், நடு, ஆழப் பக்கம் என்று மூன்று இடத்தில் பார்த்தான். எங்கும் குளிர்.

"நிழல்ல இருக்கிற குளம்தான் இப்படி இருக்கும்," என்று முணுமுணுத்தபடி கூடையைப் பார்க்க மண்டியிட்டு உள்ளே கைவிட்டான். கை நிறைய ஈர இலையோடு வெளியே எடுத்தான். ஏதோ நகைச்சுவையாகச் சொல்ல வாயைத் திறந்தவன், அப்படியே தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டான். பார்வை குளத்தின் அடியில் நகர்ந்தது. பிறகு தலையை நிமிர்த்தி வானத்தைப் பார்த்தான். மறுபடி குளத்தை.

"என்ன லேன்?"

"ஒண்ணுமில்ல."

சாமான்களைப் பெட்டிக்குள் வாரிப் போட்டான். வண்டியில் ஏறிக் கதவைச் சாத்தியவன் கண்ணாடியை மட்டும் இறக்கினான்.

"மிஸஸ் ஹ்ருஷ்கா, என் வேலைக்கு இது நல்லதில்ல, ஆனா சொல்றேன். தண்ணியை எடுத்துட்டு மண்ணைப் போட்டு மூடிடுங்க."

நான் குளத்துக்குத் திரும்பி வந்தேன். சரியாக நடுப்பகல். லேன் நின்ற இடத்திலேயே நின்று பார்த்தேன்.

குளத்தின் வெள்ளைத் தரையில் ஒரு மரத்தின் நிழல் படுத்திருந்தது. அடிமரம் ஆழப் பக்கத்திலிருந்து கிளம்பி, நடுவில் இரண்டாகப் பிரிந்து, கிளையும் இலையுமாக ஆழமில்லாத பக்கத்துப் படிக்கட்டுவரை பரந்திருந்தது. இலைகளுக்கு நடுவே வெயில் பொட்டுப் பொட்டாக விழுந்து ஆடியது. எந்த மரத்தடியிலும் பார்க்கிற காட்சிதான். நான் அண்ணாந்து பார்த்தேன். ஒரு மேகம்கூட இல்லை. என் காலடியில் கல் தளம் சுட்டது. தண்ணீருக்கு மேல் எங்கும் வெயில், தண்ணீருக்கு அடியில் மட்டும் நிழல்.

"எமில்" என்று கூப்பிட்டேன். இரண்டாம் தடவைதான் அவர் காதில் விழுந்தது.

அவர் வந்து என் பக்கத்தில் நின்றார். வெகுநேரம் பார்த்தார். பயப்படுவார் என்று நினைத்தேன்.

"அது நம்ம மேப்பிள்," என்றார், தெரிந்தவரைத் தெருவில் பார்த்ததுபோல. பிறகு ஆழமில்லாத பக்கம் நடந்து போய்க் குந்தி உட்கார்ந்து, விரலால் காட்டினார். "அங்க பாரு. அந்தக் கவட்டையில."

உச்சியில் இரண்டு கிளை பிரியும் இடத்தில் நிழல் கெட்டியாக இருந்தது. பறவைக் கூடு என்று தோன்றியது.

"கூடா?"

"ரூடி. அங்கதான் உக்காருவான்."

ரூடி எமிலின் தம்பி. நான் அவனைப் பார்த்ததே இல்லை. எங்களுக்குக் கல்யாணம் ஆவதற்கு முன்பே, பத்தொன்பது வயதில், யாரோ ஒரு சிநேகிதனின் லாரியில் ஏறி மேற்கே போனவன். அதன் பிறகு ஒரு கார்டுகூட இல்லை. எமில் தேடிப் பார்த்து அலுத்துப்போனார். இவ்வளவுதான் எனக்குத் தெரியும். அன்று சமையலறையில் உட்கார்ந்து இன்னும் கொஞ்சம் சொன்னார். அப்பா எஃகு ஆலையிலிருந்து குடித்துவிட்டு வருவார். ரூடி உடனே மரத்தில் ஏறிக்கொள்வான். சாப்பிடக் கூப்பிட்டாலும் வர மாட்டான்.

"அப்பா தூங்கினப்புறம்தான் இறங்குவான். ஏறத் தெரியும், இறங்கத் தெரியாது அவனுக்கு. நான்தான் கீழ நின்னு, இந்தக் கால் இங்க வை, அந்தக் கை அங்க வைன்னு சொல்லிச் சொல்லி இறக்குவேன்."

"இப்ப என்ன பண்றது எமில்?"

"பண்றதுக்கு என்ன இருக்கு? உக்காந்திருக்கான். இருக்கட்டும்."

இப்படி ஒரு பதிலை நான் எதிர்பார்க்கவில்லை. என் தங்கை வீட்டுக்குப் போய்விடலாமா என்றுகூட யோசித்தேன். ஆனால் எமில் அன்றைக்குச் சாப்பிட்ட மாதிரி நான் பல வருஷமாகப் பார்த்ததில்லை. கோஸ் இலையில் கறி வைத்துச் சுருட்டியதை மூன்றாவது தடவையும் கேட்டு வாங்கினார். போகலாம் என்ற பேச்சை எடுக்க எனக்கு மனசு வரவில்லை.

மறுநாள் அந்தக் கெட்டி நிழல் கவட்டையில் இல்லை. அதற்குக் கீழ்க் கிளையில் இருந்தது. ஒரு கால் தொங்குவது தெரிந்தது. ஒல்லிக் கால், அரைக்கால் சட்டை.

அன்றிலிருந்து எமில் நடுப்பகலானால் மடக்கு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு குளத்தோரம் போய்விடுவார். நிழல் நன்றாகத் தெரிவது அந்த நேரம்தான். குனிந்து உட்கார்ந்து, தணிந்த குரலில் பேசிக்கொண்டிருப்பார். ஜன்னலைத் திறந்தால் எனக்குக் கேட்கும்.

"மெதுவாடா. அது காய்ஞ்ச கிளை, அதுல கால் வைக்காத. இடது பக்கம். ம், அங்கதான். அவசரமே இல்ல. நான் இங்கதான் இருக்கேன்."

பெரிதாக ஒன்றும் நடக்காது. ஒரு நாளைக்கு ஒரு கிளை, சில நாள் அதுவும் இல்லை. ஒருமுறை எமில் உரக்கச் சிரிப்பது கேட்டது. "பயந்தாங்கொள்ளி," என்று செல்லமாகத் திட்டினார். எனக்கும் மெல்ல மெல்லப் பயம் குறைந்துவிட்டது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். அவருக்கு ரொட்டியும் காபியும் கொண்டுபோய்க் கொடுப்பேன். போகிற போக்கில் "எதுவரைக்கும் வந்திருக்கான்?" என்று கேட்பேன். "பெரிய கிளைக்கு வந்துட்டான்," என்பார். காலையில் கூடையைக் கவிழ்த்து இலையைக் கொட்டுவேன். கருவி வேலை செய்யாததால் பாக்கெட் குளோரினை அளந்து போடுவேன். சுவரை பிரஷ்ஷால் தேய்ப்பேன். புதுப் பூச்சுக்கு அது அவசியம், விட்டால் கறை ஏறிவிடும்.

ஜூன் முதல் வாரம் ரூடி அடிமரத்துக்கு வந்துவிட்டான். மரத்தைக் கட்டிப் பிடித்தபடி, தரைக்கு ஆள் உயரத்துக்கு மேல் தொங்கிக்கொண்டிருந்தான். எமில் நாற்காலியை ஆழப் பக்கத்துக்கு மாற்றிவிட்டார். அன்று காலையில் முகச் சவரம் செய்து, நல்ல சட்டை போட்டிருந்தார்.

நான் எதிர்ப்பக்கம் நின்று சுவரைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். ஆழப் பக்கத்து மூலையில் ஒரு கறை தெரிந்தது. கருப்பாக, உயரமாக. முந்தின நாள் அங்கே தேய்க்க விட்டுப்போயிற்றோ என்று கம்பை நீட்டி அதன் மேல் தேய்த்தேன். போகவில்லை. பிரஷ் அதன் மேல் போகும்போது கறை பிரஷ்ஷின் மேலேயும் படிந்தது. அதுவும் நிழல்.

மற்ற நிழலெல்லாம் தரையில் படுத்துக் கிடந்தது. இது மட்டும் சுவரோரம் நேராக நின்றது. அகலமான உடம்பு. தலையை அண்ணாந்து மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. இடது தோள் வலது தோளைவிட நன்றாக இறங்கியிருந்தது. ஒரு கையில் ஏதோ வளையமாக மடித்துத் தொங்கியது.

எமில் கண்ணெடுக்காமல் ரூடியைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார். "அவ்ளோதான். இன்னும் ஒரே ஒரு எட்டு. குதிச்சாக்கூட போதும்."

"எமில்," என்றேன். "மரத்தடியில யாரோ நிக்கிறாங்க."

"நான்தான் நிக்கறேன்," என்றார் திரும்பாமல்.

"நீ இல்ல. உள்ள. அந்த மூலையில. ஒரு தோள் இறங்கியிருக்கு."

அவர் திரும்பினார். நான் கை காட்டிய இடத்தைப் பார்த்தார். அவர் முகத்தில் ரத்தமே இல்லை.

"எவ்வளவு நேரமா நிக்கறார்?"

"தெரியல. நான் இப்பதான் பாக்கறேன்."

அவர் நாற்காலியைத் தள்ளிவிட்டு விளிம்பில் முழங்கால் போட்டார். "ரூடி, நில்லு," என்றார். "இறங்காத. மேல போ. நான் சொல்றேன்ல, மேல போ."

மரத்தைக் கட்டிக்கொண்டிருந்த நிழல் நின்றது. பிறகு ஒரு கால் கீழே நீண்டது, பிடிமானம் தேடித் துழாவியது. மூலையில் நின்றது சுவரை விட்டு நகர்ந்தது.

"மேல போடா," என்று எமில் கத்தினார். அடுத்த கணம் நல்ல சட்டையோடும் பூட்ஸோடும் தண்ணீரில் இறங்கிவிட்டார்.

எட்டடி ஆழம். கல் மாதிரி கீழே போனார். நான் கம்பை நீட்டினேன். அவர் கண்டுகொள்ளவில்லை. இடுப்பு வலி எங்கே போயிற்றென்று தெரியாது, நானும் குதித்தேன். குளிர் நெஞ்சில் அடித்து மூச்சு நின்றுவிட்டது. கண் எரிந்தாலும் திறந்தே வைத்திருந்தேன்.

எமில் அடியில் நின்றுகொண்டிருந்தார். மிதக்கவில்லை, கையைக் காலை உதைக்கவில்லை. தரையில் நிற்பதுபோல் நின்று, இரண்டு கையையும் விரித்திருந்தார். முதுகுப் பக்கம் மரம். முகம் மூலையைப் பார்த்து. அவருக்கு எதிரே எனக்கு ஒன்றும் தெரியவில்லை, வெள்ளைச் சுவரும் தண்ணீரும்தான். ஆனால் அவர் உடம்பு அடி வாங்கியதுபோல் ஒருமுறை அதிர்ந்தது. கையைத் தூக்கி முகத்தை மறைத்தார். மறுபடியும் அதிர்ந்தது. நான் அவர் கழுத்துப்பட்டியைப் பிடித்து உதைத்து மேலே வந்தேன். எப்படி இழுத்தேன், எப்படி ஏணிக் கம்பியைப் பிடித்தேன் என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

என் கூச்சல் கேட்டு க்வென் வேலிக் கதவைத் திறந்துகொண்டு ஓடிவந்தாள். இருவருமாக அவரைக் கரையில் கிடத்தினோம். தண்ணீரைக் கக்கினார். இருமி முடித்ததும் கழுத்தைத் திருப்பிக் குளத்தைப் பார்த்தார்.

"போயிட்டான்," என்றார். "மேல போயிட்டான். நீ பாத்தியா?"

"பாக்கல எமில்."

"நான் பாத்தேன்."

க்வென் அவர் சட்டையைக் கழற்றித் துண்டால் போர்த்தினாள். போர்த்தும்போது கை நின்றது. அவருடைய முன்கைகளிலும் தோளிலும் இரண்டு விரல் அகலத்துக்குச் சிவப்பாகத் தடித்து, பட்டை பட்டையாக எழும்பிக்கொண்டிருந்தது.

"விளிம்புல இடிச்சிருப்பார்," என்றேன்.

"நடீன், நான் எத்தனை வருஷம் எமர்ஜென்சி வார்டுல இருந்தேன்னு உனக்குத் தெரியும். இது இடிச்ச காயம் இல்ல." அவள் அதற்கு மேல் கேட்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று மட்டும் சொன்னாள். எமில் தலையை ஆட்டி மறுத்துவிட்டார்.

அன்று மாலை வெளிச்சத்தில், சமையலறை மேஜையில் கம்பளியைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்து, மிச்சத்தைச் சொன்னார். என்னைப் பார்க்காமல் மேஜையைப் பார்த்துச் சொன்னார்.

"அப்பாவுக்கு ஆலையில அடிபட்ட தோள். மரம் ஏற முடியாது. அதனால என்னை அனுப்புவார். உன் பேச்சைத்தான் கேப்பான், நான் தூங்கிட்டேன்னு சொல்லு, இறக்குன்னு. அவர் கொட்டகைக்குப் பின்னாடி நிப்பார், கையில பெல்ட்டோட."

"நீ சொல்லுவியா?"

"சொல்லலன்னா எனக்கு விழும். எனக்குப் பதினாலு வயசு, அவனுக்கு எட்டு. முதல் தடவை அவனுக்குத் தெரியாது, சரி. அப்புறமும் ஒவ்வொரு தடவையும் நான் கூப்பிட்டா இறங்குவான் நடீன். அதுதான் எனக்கு இன்னிவரைக்கும் புரியல. தெரிஞ்சே இறங்குவான்."

எமிலின் அப்பாவை நான் கடைசிக் காலத்தில் பார்த்திருக்கிறேன். வாதம் வந்து நாற்காலியில் கிடந்தார். சூப்பை ஊட்டிவிட்டிருக்கிறேன். ஒவ்வொரு கரண்டிக்கும் நன்றி சொல்வார். அன்று ராத்திரி முழுக்க அந்த வாயே என் கண்ணில் நின்றது.

மறுநாள் காலையில் கூடையில் ஒரு இலை இல்லை. மத்தியானம் தரையில் மரமும் இல்லை, வெறும் வெள்ளை. அந்த வாரக் கடைசியில் நீல விளக்கு நின்று பச்சை விளக்கு எரிந்தது. தண்ணீரில் கை வைத்தால் இதமாக இருந்தது. லேனுக்குப் போன் செய்து சொன்னேன். "சந்தோஷம் மிஸஸ் ஹ்ருஷ்கா," என்றான். வந்து பார்க்கிறேன் என்று சொல்லவில்லை.

நான் எமிலிடம் நேராகவே கேட்டேன். "மூடிடலாமா? எனக்கு இது வேண்டாம். நான் பொதுக் குளத்துக்கே போய்க்கறேன், கண் எரிஞ்சா எரியட்டும்."

"வேண்டாம்."

"எல்லாம் போயாச்சே எமில். அப்புறம் என்ன?"

"மரம் போச்சு. ரூடி போயிட்டான். அந்த ஆள் எங்கயும் போகலையே."

என்னைக் கூட்டிக்கொண்டுபோய் ஆழப் பக்கம் நிறுத்தினார். முதலில் ஒன்றும் தெரியவில்லை. காற்று நின்று தண்ணீர் அசையாமல் இருந்தபோது மூலையில் தெரிந்தது. முன்பைவிட மங்கலாக, நின்றுகொண்டுதான் இருந்தது. இப்போது அண்ணாந்து பார்க்க மரம் இல்லை. விளிம்பில் நின்ற எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"மண்ணைப் போட்டா என்ன பண்றார்னு தெரியாமப் போயிடும்," என்றார் எமில். "தண்ணி கலங்கினாலும் தெரியாது. கண்ணுல பட்டுட்டே இருக்கணும்."

அந்தக் கோடை முழுக்க நான் ஆழமில்லாத பாதியில் மட்டும் நீந்தினேன். இடுப்புக்கு நல்ல சுகம், அதை மறுக்க முடியாது. குளத்து வேலை மொத்தத்தையும் எமில் எடுத்துக்கொண்டார். தண்ணீரைச் சிறு குழாயில் எடுத்துச் சொட்டு மருந்து விட்டு நிறம் பார்ப்பார். உப்பு குறைந்தால் அன்றைக்கே போடுவார். கருவியின் தகடுகளில் வெள்ளை படிந்தால் கழற்றிக் கழுவுவார். சுவரைத் தேய்ப்பார். ஆழப் பக்கத்து மூலையைத் தேய்க்கும்போது மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு பலமாகத் தேய்ப்பார். தீயணைப்பு நிலையத்தில் ஊருக்கென்று வைக்கும் மீன் விருந்தில் எங்கள் குளத்தைப் பற்றித்தான் பேச்சு. ஊரிலேயே இவ்வளவு தெளிவான தண்ணீரைப் பார்த்ததில்லை என்றார்கள். என்ன மருந்து போடுகிறீர்கள் என்று எமிலைச் சுற்றிக்கொண்டார்கள். "ஒண்ணுமில்ல, தினமும் பாக்கறேன், அவ்ளோதான்," என்றார்.

அக்டோபரில் தெரு முழுக்கத் தார்ப்பாய் விரித்தார்கள். கம்பெனியிலிருந்து வேறொரு ஆள் எங்கள் குளத்தை மூட வந்தான். எமில் அவனை வாசலிலேயே அனுப்பிவிட்டார். பம்பைக் குளிர்காலம் முழுக்க நிறுத்தாமல் ஓட்டினால் தண்ணீர் லேசில் உறையாது என்று படித்திருந்தார்.

இப்போது ஜனவரி. இரவில் ஓரத்தில் ஐஸ் கட்டிவிடுகிறது. காலைக் காபிக்கு முன்னால் எமில் தொப்பியைப் போட்டுக்கொண்டு, பனியில் வழி செய்துகொண்டு போகிறார். ஆழப் பக்கத்து ஐஸைக் கம்பால் உடைத்து ஓரமாகத் தள்ளிவிட்டு, அலை அடங்கும்வரை காத்திருந்து, குனிந்து அந்த மூலையைப் பார்க்கிறார். நான் சமையலறை ஜன்னலிலிருந்து அவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நிமிர்ந்து கையை அசைத்தால்தான் அடுப்பைப் பற்ற வைப்பேன்.